பால் பல்லும் பூமியின் நாடியும்



வகுப்பறையில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லி இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன். 1998ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், இராஜஸ்தானத்துப் பொக்ரான் பாலைநிலத்தில் நம் நாடு நிலத்தடியே அணுகுண்டுச் சோதனை நடத்தியது. கோடை விடுமுறை கழிந்து ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தன. நான் ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, நாம் வெளியே சொல்லாமல் இருந்திருந்தாலும் மற்ற நாட்டார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று என் அண்ணன் சொல்கிறான். பூமிக்கு அடியில் நடப்பது பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு எப்படி ஐயா தெரியும்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முடியும்வரை அவள் என்னிடம் வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த விடையைத் தேடிப் படித்தேன். தேடப் போன இடத்தில், என்னைப் போன்ற பள்ளி ஆசிரியனுக்கு மிகவும் உகந்த ஒரு வரலாறு கிடைத்தது. பேரரசுகளின் கையில் இருந்த மிகக் கொடிய ஆயுதத்தைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி எவ்வாறு ஓரளவேனும் கட்டுக்குள் கொண்டுவர உதவியது என்பதே அந்த வரலாறு. அதில் குழந்தைகளின் பால் பற்களுக்கும் இடம் உண்டு. நம் கோடைக்கானல் மலைக்கும் இடம் உண்டு.

அணுகுண்டின் பிறப்பிலேயே பல்கலைக்கழகத்துக்குப் பங்கு இருந்தது. 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், தானே தொடர்ந்து நிகழும் அணுப்பிளவை மனிதன் முதன்முதலில் நடத்திக் காட்டிய இடம் சிக்காகோ பல்கலைக்கழகம். அந்த வேலையில் ஈடுபட்டிருந்த அறிஞர்களிலேயே சிலர், ஜேம்ஸ் பிராங்க் என்பவர் தலைமையில், 1945 ஜூன் மாதம் அரசுக்கு ஓர் அறிக்கை தந்தனர். முன்னறிவிப்பின்றி ஜப்பான்மீது இக்குண்டை வீசவேண்டாம். மனிதர் வாழாத ஓரிடத்தில் உலக நாடுகளின் பிரதிநிதிகள் காண வெடித்துக் காட்டுங்கள். இல்லையேல் நாடுகளிடையே ஆயுதப் போட்டி மூளும் என்று அவர்கள் எச்சரித்தனர். அந்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவும் 9ஆம் நாள் நாகசாகியும் அழிந்தன. அறிஞர்கள் அஞ்சிய போட்டியும் மூண்டது.

இனி 1954ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள், பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். அதாவது, ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அதைச் செய்தவர்களே இவ்வளவு பெரிய வெடிப்பை எதிர்பார்க்கவில்லை. அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மீது வெண்மையான சாம்பல் மழைபோல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். கம்பியில்லாத் தந்தி இயக்கிய குபோயாமா என்பவர் செப்டம்பரில் இறந்தார்.

அதுவரை குண்டு என்றால் விழுந்த ஊரை அழிப்பது என்றே மக்கள் எண்ணியிருந்தனர். வெடித்த இடத்திலிருந்து வெகு தொலைவில், போரே இல்லாத காலத்தில், மீன் பிடிக்கப் போனவனையும் அது கொல்லும் என்பது இப்போது வெளியாயிற்று. அடுத்த மாதம் 2ஆம் நாள், பிரதமர் ஜவாஹர்லால் நேரு நம் நாடாளுமன்றத்தில் பேசினார். ஆயுதக் குறைப்பைப் பற்றி நாடுகள் உடன்பாட்டுக்கு வரும்வரை, சோதனை வெடிப்புகளையாவது நிறுத்தி வைக்கும் ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். சோதனை நிறுத்தத்துக்காக ஓர் அரசின் தலைவர் விடுத்த முதல் அழைப்பு அது. பின்னர், அணு வெடிப்புகளின் விளைவுகளை ஆராய்ந்து எழுதும்படி நம் விஞ்ஞானிகளையும் அவர் பணித்தார். டி. எஸ். கோத்தாரி முதலியோர் தொகுத்த அந்த நூல் 1956இல் வெளிவந்தது.

அழைப்பு விடுத்தால் மட்டும் போதுமா? வல்லரசுகள் இரண்டு விடைகளைச் சொல்லித் தட்டிக் கழித்தன. சோதனையால் மக்களுக்குத் தீங்கு ஏதும் இல்லை என்பது முதல் விடை. ஒப்பந்தம் செய்தாலும் எதிரி கள்ளத்தனமாக நிலத்தடியில் வெடித்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பது இரண்டாம் விடை. முன்னதற்குப் பல்லும் பின்னதற்குப் பாறையும் மறுமொழி சொன்னதையே இனிக் காணப்போகிறோம்.

முதலில் பல்லைப் பார்ப்போம். அணுகுண்டு வெடிக்கும்போது உண்டாகும் பொருள்களில் ஸ்ட்ரான்ஷியம் 90 என்பது ஒன்று. அது காற்றில் உயர்ந்து, உலகெங்கும் பரவி, மழையோடு இறங்கிப் புல்லில் சேர்கிறது. புல்லைப் பசு தின்கிறது; பசுவின் பாலைக் குழந்தை குடிக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் இயல்பில் கால்சியத்தை ஒத்தது. உடலுக்கு இரண்டிற்கும் வேற்றுமை தெரிவதில்லை. எலும்பும் பல்லும் கட்டுகையில் கால்சியத்தோடு இதையும் சேர்த்து வைத்துக் கட்டிவிடுகிறது. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும்.

குழந்தைகளின் உடலில் இது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறிவது எப்படி? உயிருள்ள குழந்தையின் எலும்பை எடுத்துச் சோதிக்க இயலுமா? இயலாது. ஆனால் இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. பால் பல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கிப் பிறந்த சில மாதங்களில் கட்டி முடிகிறது. அந்தக் காலத்தில் உண்ட உணவின் கணக்கைத் தன்னுள் எழுதிவைத்துக்கொண்டு, ஆறேழு வயதில் தானே விழுகிறது. கல்வெட்டைப் படித்து மன்னனின் ஆண்டைச் சொல்வதுபோல், பல்லைப் படித்து அவ்வாண்டின் காற்றையும் பாலையும் சொல்லலாம். உலகெங்கும் பால் பற்களைச் சேகரித்துச் சோதிக்கலாம் என்று ஹெர்மன் கால்க்கர் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் 1958இல் நேச்சர் இதழில் எழுதினார்.

அமெரிக்காவில் செயின்ட் லூயி என்றொரு நகரம். அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் பாரி காமனரும், வேறு சில அறிஞரும், நகரமக்களும் சேர்ந்து அவ்வாண்டில் ஒரு குழு அமைத்திருந்தனர். அணுசக்தி பற்றிய செய்திகளை உள்ளது உள்ளபடி மக்களுக்குத் தருவது, முடிவை மக்களிடமே விட்டுவிடுவது என்பது அக்குழுவின் கொள்கை. அவ்வாண்டு டிசம்பரில் அவர்கள் பல் சேகரிப்பைத் தொடங்கினர். லூயிஸ் ரீஸ் என்னும் பெண் மருத்துவர் அப்பணியை முதலில் நடத்தினார். பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி சோதனைப் பொறுப்பை ஏற்றது.

நம் வீடுகளில் பால் பல் விழுந்தால் என்ன செய்வோம்? சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவோம்; பல் நேராக முளைக்கும் என்று பாட்டி சொல்வாள். நானும் எறிந்திருக்கிறேன். அமெரிக்கக் குழந்தைகள் பல்லைத் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். இரவில் ஒரு தேவதை வந்து அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பற்களைத்தான் இவர்கள் கேட்டார்கள். பள்ளிகளிலும் நூலகங்களிலும் பல் மருத்துவரிடமும் படிவங்கள் வைக்கப்பட்டன. குழந்தை பிறந்த நாள் எது, கருவுற்றிருந்தபோது தாய் எந்த ஊரில் இருந்தாள், குழந்தை குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று அப்படிவம் கேட்டது. பல் அனுப்பிய குழந்தைக்கு, "என் பல்லை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தேன்" என்று எழுதிய சட்டைப் பொத்தான் ஒன்று பரிசு. வந்த பற்களை வகை பிரித்துக் கணக்கெழுதும் வேலையை ஊர்ப் பெண்கள் ஊதியமின்றிச் செய்தனர். 1970ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ மூன்று இலட்சத்து இருபதாயிரம் பற்கள் சேர்ந்தன.

முதல் முடிவுகள் 1961 நவம்பரில் சயன்ஸ் இதழில் வெளியாயின. பெருங்குண்டுச் சோதனைகள் தொடங்குமுன் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்ஷியம் 90 மிகக் குறைவாக இருந்தது. 1954இல் பிறந்தவர்களின் பற்களில் அது பன்மடங்கு பெருகியிருந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இக்குழந்தைகளுக்கு இன்ன நோய் வந்தது என்று அவ்வாராய்ச்சி கூறவில்லை. அளந்தது, அளந்ததைச் சொன்னது, அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அதனால்தான் அதை மறுக்க முடியவில்லை. எங்கோ பசிபிக் தீவிலும் நெவாடாப் பாலையிலும் நடப்பது தம் பிள்ளையின் வாய்க்குள் இருக்கிறது என்பதை ஒவ்வொரு தாயும் அறிந்துகொண்டாள்.

இதே காலத்தில், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்து வேதியியல் பேராசிரியர் லைனஸ் பாலிங், சோதனைகளை நிறுத்தக் கோரும் விண்ணப்பம் ஒன்றில் பல நாட்டு விஞ்ஞானிகள் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் கையொப்பம் பெற்று, 1958 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் மன்றத்திடம் அளித்தார் என்பதையும் நினைவில் வைப்போம்.

இனிப் பாறைக்கு வருவோம். என் மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

1957 செப்டம்பர் 19ஆம் நாள், அமெரிக்கா நெவாடாவில் ஒரு சிறு குண்டை மலைக்குள் சுரங்கமிட்டு வெடித்தது. அதன் ஆற்றல் 1.7 கிலோடன். இந்த அதிர்ச்சி 250 மைலுக்கு அப்பால் எங்கும் பதிவாகவில்லை என்று அடுத்த மார்ச்சில் அந்நாட்டு அணுசக்தி ஆணையம் அறிவித்தது. அப்படியானால் சோவியத் நாட்டில் நடப்பதை வெளியிலிருந்து அறியவே முடியாது. ஒப்பந்தம் வீண் என்றாகும். ஐ. எஃப். ஸ்டோன் என்னும் பத்திரிகையாளர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. நிலநடுக்கப் பதிவுகளை வைத்திருந்த அரசு அலுவலகத்துக்கு நேரே சென்று கேட்டார். 2,300 மைல் தொலைவில், அலாஸ்காவில், அந்த அதிர்ச்சி பதிவாகியிருந்தது! ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொண்டது. மாணவர்களே, மூல ஆவணத்தைத் தேடிச் செல் என்று வரலாற்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

அதே 1958 கோடையில் ஜெனிவா நகரில் எட்டு நாட்டு அறிஞர்கள் கூடினர். உலகெங்கும் 160 முதல் 170 வரை கண்காணிப்பு நிலையங்களும், கடலில் பத்துக் கப்பல்களும் இருந்தால் சோதனைத் தடையைக் காவல் செய்யலாம் என்று கணக்கிட்டனர். ஆனால் ஐயங்கள் எஞ்சின. பெரிய குகை தோண்டி அதற்குள் வெடித்தால் ஓசை அடங்கிவிடுமே என்றனர் சிலர். ஆண்டுதோறும் நிகழும் ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களுக்கு இடையே ஒரு வெடிப்பை எப்படி இனங்காண்பது என்றனர் பிறர். நிலநடுக்க இயல் அதுவரை சில பேராசிரியர்கள் பழைய கருவிகளோடு நடத்திவந்த சிறு துறையாகவே இருந்தது. விடை சொல்ல அதற்கு வலிவில்லை. அடிப்படை ஆராய்ச்சி தேவை என்று 1959இல் அறிஞர் குழு ஒன்று பரிந்துரைத்தது. பல்கலைக்கழகங்களுக்குப் பொருளுதவி பெருகியது.

நிலநடுக்கத்துக்கும் வெடிப்புக்கும் உள்ள வேற்றுமையை எளிதாகச் சொல்கிறேன். நிலநடுக்கத்தில் இரண்டு பாறைத் தளங்கள் ஒன்றையொன்று உரசி வழுகுகின்றன. ஆகவே, சில திசைகளில் நிலம் முதலில் தள்ளப்படுகிறது. வேறு சில திசைகளில் இழுக்கப்படுகிறது. வெடிப்போ எல்லாத் திசைகளிலும் வெளியே தள்ளுகிறது. இழுப்பது என்பதே இல்லை. எனவே பல திசைகளில் கருவிகள் இருந்தால், முதல் அசைவைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம். மற்றொன்று: பூமியின் ஆழத்தில் ஓடும் அலைகள் ஒரே அளவாக இருக்கும்போது, நிலநடுக்கம் மேற்பரப்பில் பெரிய அலைகளை எழுப்புகிறது, வெடிப்பு சிறிய அலைகளையே எழுப்புகிறது. மூன்றாவது, ஆழம். பல பத்து மைல் ஆழத்தில் நிகழ்ந்தது மனிதன் தோண்டி வைத்த குண்டாக இருக்க முடியாது. மருத்துவன் நாடியைத் தொட்டு வாதம், பித்தம், சிலேட்டுமம் என்று பிரிப்பதுபோல், இவர்கள் பூமியின் நாடியைப் பிடித்துப் பார்த்து இது இயற்கை, இது செயற்கை என்று பிரிக்கக் கற்றார்கள்.

நாடி பார்க்கப் பல இடங்களில் கை வைக்கவேண்டும். 1961 முதல் அமெரிக்கா ஒரே மாதிரியான கருவிகளை உலகெங்கும் நிறுவத் தொடங்கியது. ஏறத்தாழ 120 நிலையங்கள் அமைந்தன. கருவிகளில் ஒரு வகை கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்துப் பெனியாப் வகுத்தது. மற்றொரு வகை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவிங்கும் பிரஸ்ஸும் வகுத்தது. பதிவுகள் யாவும் படமெடுக்கப்பட்டு, எந்த நாட்டு ஆராய்ச்சியாளர் கேட்டாலும் தரப்பட்டன. அந்த நிலையங்களுள் ஒன்று நம் கோடைக்கானலில் அமைந்தது.

இதைப் படித்த அன்று எனக்கு உண்டான வியப்பையும் வெட்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகப் பலமுறை கோடைக்கானலுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். ஏரியைக் காட்டினேன், தூண் பாறைகளைக் காட்டினேன், சூரியனை ஆராயும் கூடத்தையும் காட்டினேன். உலக அமைதிக்கான ஒரு காவல் வரிசையில் அந்த மலையும் நின்றது என்பதைச் சொல்லவில்லை; எனக்கே தெரியாது. தென்னிந்தியாவின் பழம்பாறை நெடுந்தொலைவு அதிர்ச்சிகளைக் கேட்க நல்ல காது. 1965இல் பிரிட்டனின் ஒத்துழைப்போடு பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் நம் அணுசக்தித் துறை ஒரு கருவி வரிசையை அமைத்ததும் அங்குள்ள பாறையை நம்பித்தான்.

இனி ஒப்பந்தம் உருவான வகையைச் சுருங்கச் சொல்வேன். 1958 இறுதியில் மூன்று வல்லரசுகள் சோதனைகளைத் தாமாகவே நிறுத்தி வைத்தன. 1961 செப்டம்பரில் சோவியத் நாடு மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30ஆம் நாள் அது வெடித்த 50 மெகாடன் குண்டைவிடப் பெரியது இதுவரை வெடிக்கப்படவில்லை. 1962 அக்டோபரில் கியூபாவை ஒட்டி எழுந்த நெருக்கடியில் உலகம் போரின் விளிம்பைத் தொட்டு மீண்டது. அதன்பின் பேச்சு வேகம் கொண்டது. ஐயத்துக்குரிய அதிர்ச்சிகளை நேரில் சென்று பார்க்க ஆண்டுக்கு ஏழு முறையேனும் இடந்தர வேண்டும் என்றது அமெரிக்கா. மூன்றுக்குமேல் இயலாது என்றது சோவியத் நாடு. மூன்றுக்கும் ஏழுக்கும் இடையே முழுத் தடை சிக்கி நின்றது.

எனவே, நேரில் பார்க்கத் தேவையில்லாமலே கண்டுபிடிக்கக்கூடிய சோதனைகளையேனும் தடுப்போம் என்று முடிவாயிற்று. 1963 ஜூன் 10ஆம் நாள் அதிபர் கென்னடி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றே பெயர் கொண்ட பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டமளிப்பு விழாவில், அமைதியை நாடிப் பேசினார். ஆகஸ்டு 5ஆம் நாள் மாஸ்கோவில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. காற்றிலும் விண்வெளியிலும் நீரிலும் அணுச்சோதனை கூடாது என்பது அதன் சாரம். மூன்று நாள் கழித்து இந்தியாவும் ஒப்பமிட்டது. அந்த மாதமே அமெரிக்க மேலவையின் விசாரணையில் பல் ஆராய்ச்சியின் முடிவுகள் சான்றாகக் கூறப்பட்டன. செப்டம்பர் 24ஆம் நாள் மேலவை 80க்கு 19 என்னும் வாக்குக் கணக்கில் ஒப்புதல் தந்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அக்டோபர் 10ஆம் நாளன்றே, பாலிங்குக்கு அமைதிக்கான நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இது முழு வெற்றியா? அன்று. பிரான்சும் சீனாவும் கையொப்பமிடவில்லை. ஒப்பமிட்டவையும் நிலத்தடியில் வெடிப்பதை நிறுத்தவில்லை. 1963க்குப் பின் நடந்த சோதனைகளின் எண்ணிக்கை முன்னதைவிட மிகுதி. ஆயுதப் போட்டி ஓயவில்லை. ஆனால் வானிலிருந்து இறங்கும் நஞ்சு குறைந்தது. அதன்பின் பிறந்த குழந்தைகளின் பற்களிலும் அது குறைந்தது. ஆராய்ச்சி தரக்கூடியது எது, தர இயலாதது எது என்பதற்கு இந்த உடன்படிக்கை நல்ல அளவுகோல். உண்மையை ஆராய்ச்சி தரும். உறுதியை அரசியல்தான் தரவேண்டும்.

எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. குண்டைப் பிடிக்க வைத்த வலையில் பூமியின் இரகசியமே சிக்கியது. அந்த நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு, கொலம்பியாப் பல்கலைக்கழகத்து லின் சைக்ஸ் முதலியோர் 1967, 1968ஆம் ஆண்டுகளில், கடலடி நிலம் நகர்வதற்கும் நிலத்தட்டுக் கொள்கைக்கும் வலிவான சான்றுகளைக் காட்டினர். நீங்கள் புவியியலில் படிக்கும் அக்கொள்கை உறுதிப்பட்டதற்குச் சோதனைத் தடைக்கான ஆராய்ச்சியும் ஒரு காரணம். அந்தச் சைக்ஸே 1974இல், 150 கிலோடனுக்கு மேற்பட்ட நிலத்தடி வெடிப்பைத் தடுக்கும் உடன்படிக்கைக்காக மாஸ்கோ சென்ற குழுவில் இருந்தார். 1986இல் அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞர்கள், சோவியத் அறிஞர்களின் அழைப்பின்பேரில், கசாக்ஸ்தானத்துச் சோதனைக் களத்துக்கு அருகிலேயே தம் கருவிகளை நிறுவினர். அரசுகள் இருபத்தைந்து ஆண்டுகளாக ஒப்பாததைப் பேராசிரியர்கள் ஒரு கோடையில் செய்து காட்டினர்.

1996இல் எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் உடன்படிக்கை கையொப்பத்துக்கு வந்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நம் நாடு தனக்குரிய காரணங்களைக் கூறி அதில் ஒப்பமிடவில்லை. அதன் நியாயங்களை நீங்கள் படித்து வாதிடுங்கள். நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. ஆயினும் அதற்காக வகுக்கப்பட்ட 337 கண்காணிப்பு அமைப்புகளில் பெரும்பாலானவை இயங்கிவருகின்றன. 2006 அக்டோபரில் வட கொரியா வெடித்த மிகச் சிறு குண்டும் அவற்றின் காதுக்குத் தப்பவில்லை.

செயின்ட் லூயிப் பற்களைப் பற்றி ஒரு செய்தி பாக்கி. சோதிக்கப்படாமல் எஞ்சிய பற்கள் ஏறத்தாழ 85,000, பல்கலைக்கழகத்தின் பண்டகசாலை ஒன்றில் மறந்துபோய்க் கிடந்து 2001இல் கண்டெடுக்கப்பட்டன. ஒவ்வொன்றோடும் அந்தக் குழந்தையின் விவரம் எழுதிய அட்டை இருந்தது. பல் கொடுத்த குழந்தைகள் இன்று மூப்பு எய்திவிட்டனர். அவர்களின் உடல்நலம் பற்றிய புதிய ஆராய்ச்சிக்கு அந்தப் பற்கள் உதவுகின்றன.

பல்கலைக்கழகத்துக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களே, அமைதிக்கு உழைப்பதென்றால் மேடையில் பேசுவது மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். பல்லை எண்ணியவர்களும், அலையை அளந்தவர்களும், அறிக்கையை நம்பாமல் மூலப் பதிவைத் தேடிப் போனவரும் அமைதிக்கே உழைத்தனர். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல்: விடை தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறினேன்.

அன்று உட்கார்ந்துவிட்ட அந்த மாணவி இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, அறியேன். இப்பேச்சைக் கேட்க நேர்ந்தால் அவளுக்குச் சொல்கிறேன்: அம்மா, உன் அண்ணன் சொன்னது சரி. பூமிக்கு அடியில் நடப்பது வெளியே தெரியும். எப்படித் தெரியும் என்பதை இன்று சொல்லிவிட்டேன். அடுத்த கேள்வியைக் கேள்.